பூனை என்று எழுதாமல் விட்டது

பழவேற்காடு,
5-2-1984

அன்புள்ள இஸ்மாயிலுக்கு, சின்னப்பன் எழுதுவது. நானும் என் வீட்டாரும் நலம். உன் நலத்துக்காக நான் மாதா கோயிலில் கேட்டு வைத்திருக்கிறேன். உன் அம்மா தன் பங்குக்குத் தொழுகையில் கேட்கிறார். ஆகவே இரண்டு பக்கமும் உனக்குப் பாதுகாப்பு உண்டு.

நீ குவைத்துக்குத் திரும்பிப் போய் ஐந்து வாரம் ஆகிறது. அதற்குள் மூன்று கடிதம் போட்டுவிட்டாய். மூன்றிலும் ஒரே கேள்வி, ரோஷன் எப்படி இருக்கிறாள் என்று. பெண்டாட்டியிடம் கேட்க வேண்டியதை மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்கிறவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய். அவளைக் கேட்டால் நல்லதாகவே எழுதுவாள், நீதான் உள்ளதை எழுதுவாய் என்கிறாய். சரி, உள்ளதை எழுதுகிறேன். மசக்கை அதிகமாக இருக்கிறது. கஞ்சியைத் தவிர வேறு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. முந்தின இரண்டு தடவையும் நான்காம் மாதத்தில் கலைந்துபோனதால் உன் அம்மா அவளைக் குடம் தூக்க விடுவதில்லை, மாடிப்படி ஏற விடுவதில்லை. மீன் அரிவதை மட்டும் அவளே செய்கிறாள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று விட்டிருக்கிறார்.

இங்கே புதிதாக ஒரு வேடிக்கை நடக்கிறது. பட்டணத்திலிருந்து கஸ்தூரி என்று ஒரு கால்நடை டாக்டர் ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறார். மாடு இல்லை, ஆடு இல்லை, பூனைகளின் ரத்தம் வேண்டுமாம். டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று ஒரு தொற்று. அந்தப் பெயரைத் தப்பில்லாமல் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி பூனையின் குடலில் குடியிருக்குமாம். எலியைத் தின்று, குருவியைத் தின்று பூனைக்கு வருமாம். வந்த பூனையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதாம், தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்குமாம். நூறு வீட்டுப் பூனையில் எத்தனைக்கு இது இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார். பட்டணத்துப் பூனைகளை முடித்துவிட்டாராம். மீன் தின்று வளர்கிற ஊரில் குறைவாக இருக்குமா என்று பார்க்க நம் ஊருக்கு வந்திருக்கிறார்.

பிடிக்கிற வேலை என்னுடையது. ஊசி குத்துகிற வேலை அவருடையது. நான்கு நாளில் நாற்பத்தெட்டு பூனை. என் கையில் பதினோரு கீறல். கடலோரக் குப்பத்தில் சிங்காரம் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் நான் லீவில் போய்விடுகிறேனாம், பூனைக்கு மட்டும் பட்டணத்து டாக்டரைக் கூட்டி வருகிறேனாம், இன்னா சமாச்சாரம் என்று கேட்டான். அவன் பெண்டாட்டி பச்சையம்மா வலை மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனையைப் பின்கழுத்தில் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். பதினோராவது கீறல் அது போட்டதுதான்.

நம் ஊரில் பூனைக்கு யாரும் பெயர் வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எந்தப் பெண் மீன் அரிந்து தலையையும் குடலையும் போடுகிறாளோ அவள் பெயர்தான் பூனைக்கு. பச்சையம்மா பூனை, இருசம்மா பூனை, உன் வீட்டு மஞ்சள் பூனை ரோஷன் பூனை. ரத்தம் எடுத்த சின்ன சீசாவில் ஒட்டுகிற காகிதம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அதனால் பெயரை மட்டும் எழுதினேன். நாற்பத்தெட்டும் பூனைதானே, ஒவ்வொன்றிலும் பூனை பூனை என்று எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். அதுவும் டாக்டருக்கு வசதியாக இங்கிலீஷில் எழுதினேன்.

உன் வீட்டில் டீ கொடுத்தார்கள். இது மனுசங்களுக்கு வருமா என்று உன் அம்மா கேட்டார். வரும், வந்தாலும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது, கர்ப்பமாக இருக்கும்போது புதிதாக வந்தால் மட்டும் பிள்ளைக்கு ஆபத்து உண்டு, கலைந்தும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ரோஷனைப் பார்த்துவிட்டு, பூனை அசிங்கம் பண்ணினதை நீ அள்ளாதே, கறியை நன்றாக வேகவை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, அவ்வளவு போதும் என்றார். உன் அம்மா அதற்குப் பிறகு டீ குடிக்கவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். தெரிந்து சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்று எழுதியிருந்தாய். கம்பளியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு குளிர்கிறது என்று எழுதுகிற ஆள் நீ, எடுத்துப் போர்த்திக்கொள்.

உன் சிநேகிதன்,
சின்னப்பன்


பழவேற்காடு,
1-4-1984

இஸ்மாயிலுக்கு,

தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிடாதே. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் போன பிறகு படி.

உன் மாமா கௌஸ் மைதீன் உனக்கு ஒரு பட்டியலை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார். நாற்பத்தெட்டு பெண்களின் பெயர். அதில் பத்தொன்பது பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி. எட்டாவது பெயர் ரோஷன் பீவி, அவளுக்கும் குறி உண்டு. அதை வைத்துக்கொண்டு நீ உன் மனைவிக்கு நான்கு வரி எழுதியிருக்கிறாய். அது உண்மையில் பூனைகளின் பட்டியல். நாற்பத்தெட்டும் பூனைகள். பெயரை எழுதினவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். சீசாவில் நான் எழுதின பெயர்களை டாக்டர் கஸ்தூரி பூனைகளின் பெயர் என்றே நினைத்துவிட்டார். பட்டணத்தில் பூனைக்குப் பெயர் வைப்பார்கள் இல்லையா. உங்கள் ஊரில் பூனைக்கெல்லாம் எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதியிருந்தார். பட்டியலை டைப் அடித்து மார்ச் ஐந்தாம் தேதி அனுப்பினார். மேலே நோயின் பெயர், கீழே வரிசையாகப் பெயர்கள், எங்கேயும் பூனை என்ற வார்த்தை இல்லை. நான் அப்போது எளாவூர் செக்போஸ்ட்டில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மருந்தகத்துப் பியூன் டைப் அடித்து வந்த எதையும் போர்டில் ஒட்டிவிடுவான். இதையும் ஒட்டினான். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த உன் மாமா சைக்கிள் கடையிலிருந்து வந்து படித்தார். பெண்கள் யாரும் ரத்தம் கொடுக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, பூனை ரத்தத்தைப் பார்த்தே வளர்க்கிறவளுக்கு நோய் உண்டா என்று சொல்லிவிடுவார்கள் என்று அவரே விளக்கமும் கொடுத்தாராம்.

ஐந்து நாள் கழித்து நான் வந்து பார்த்தபோது ஊர் இரண்டாகியிருந்தது. குறி போட்ட பெண்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் ஒரு பக்கம். பச்சையம்மாவிடம் போய் யாரோ சொன்னதற்கு, எனக்கு இல்லாத நோவா, இதுவும் ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும் என்றாளாம். மற்றவர்களுக்கு அப்படிச் சிரிக்க முடியவில்லை. பூனையால்தான் இது வருகிறது என்று தெரிந்தவுடன் ஆண்கள் அந்தப் பத்தொன்பது வீட்டுப் பூனைகளையும் சாக்கில் கட்டிப் படகில் ஏற்றித் தோணிரேவு பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். உன் வீட்டுப் பூனையை மட்டும் உன் அம்மா கொடுக்கவில்லை. வாயில்லாத ஜீவனை விரட்டினால் பாவம் என்று சொல்லிவிட்டார். ரோஷனுக்குப் பெட்டி கட்டி, பஸ் ஏற்றி, அனுப்பம்பட்டில் அவள் அப்பா அப்துல் ஷுக்கூர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

உன் அம்மாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளை நான்காம் மாதத்தில் துணியில் சுற்றிக் கொடுத்தவர் அவர். பயந்துபோனார். ஆனாலும் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது: பூனை உன் வீட்டில் இருக்கிறது, உன் மனைவி அனுப்பம்பட்டில் இருக்கிறாள்.

இனி என் பங்கு. போர்டைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வெளியே மூச்சுக் காட்டவில்லை. பெரிய டாக்டருக்குத் தெரிந்தால் மெமோ கொடுப்பார், ஊரில் பெண்கள் விளக்குமாற்றோடு வருவார்கள், ஒரு வாரம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிப் பதினேழு நாள் இருந்தேன். பதினேழு நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீசுக்குப் போனேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினெட்டாம் நாள் அப்துல் ஷுக்கூர் மருந்தகத்துக்கு வந்தார். நீ அவளுக்கு எழுதின கடிதத்தை மேஜையில் வைத்தார். பட்டியல் கிடைத்தது, இத்தனை நாள் என்னிடம் மறைத்தது போதும், நான் லீவில் வரும்வரை உன் அப்பா வீட்டிலேயே இரு, வந்து முடிவு சொல்கிறேன் என்று இருந்தது. முடிவு என்றால் என்ன முடிவு என்று என்னைக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். என் கிட்ட எதுக்குச் சொல்றே, அவ கிட்ட வந்து சொல்லு என்றார்.

போனேன். ரோஷன் அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன், அழவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பூனையோட நோவுக்கு என் பேரை எழுதிட்டீங்கண்ணா. யார் யார் அதைப் படிச்சாங்களோ அத்தினி பேர் கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றான்னுவாங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரத்தில் பள்ளிவாசல் தெரு முனையில் நின்று சொன்னேன். உன் மாமாவையே பக்கத்தில் நிற்க வைத்துப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். பிறகு படகேறிக் குப்பத்துக்குப் போய் அங்கேயும் சொன்னேன். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் இஸ்மாயில். பூனை கம்பவுண்டர் என்று எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்பின விஷயம் அரை மணி நேரத்தில் தமாஷாகிவிட்டது. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்று. அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. நான்காம் மாதம் தாண்டிவிட்டது. இந்தக் குழப்பத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. நீயாவது கவனி.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் போடு.

சின்னப்பன்


பழவேற்காடு,
18-6-1984

இஸ்மாயிலுக்கு,

உன் பதில் வந்தது. எனக்குத்தான் வந்தது, அவளுக்கு வரவில்லை.

சிநேகிதன் குடும்பம் உடையக் கூடாது என்று நான் பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேனோ என்று சந்தேகப்படுகிறாய். டாக்டரின் சர்ட்டிபிகேட் வேண்டும், சீல் போட்டு வேண்டும் என்கிறாய். முதலில் எனக்கு வந்த கோபத்துக்கு எழுதின கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன். உன் மாமா கையால் எழுதி அனுப்பின நகலில் சீல் இருந்ததா? கையெழுத்து இருந்ததா? அதை ஒரே நாளில் நம்பினாய். எழுதினவனே வந்து நான்தான் தப்பாக எழுதினேன் என்றால் உனக்குச் சீல் வேண்டும்.

கேட்டுவிட்டாய், இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் கஸ்தூரி நேரில் வந்து ரோஷனிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தெரிந்த லேடி டாக்டரைக் கொண்டு அவள் ரத்தத்தை எடுத்துப் பட்டணத்தில் மனிதர்களுக்குப் பார்க்கிற இடத்தில் சோதிக்கச் செய்தார். இல்லை என்று வந்திருக்கிறது. ரோஷனுக்கு அந்தத் தொற்று இப்போதும் இல்லை, எப்போதும் வந்ததும் இல்லை.

டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னதையும் எழுதுகிறேன், நீ படித்தவன். அந்தக் கூட்டல் குறிக்கு அர்த்தம், பூனையின் உடம்பு அந்தக் கிருமியோடு எப்போதோ சண்டை போட்டிருக்கிறது என்பதுதான். பூனை தன் வாழ்நாளில் முதல் தடவை தொற்றும்போது பத்துப் பதினைந்து நாள் அசிங்கத்தோடு கிருமியை வெளியே விடும், அதற்குப் பிறகு பெரும்பாலும் விடாது. நாற்பத்தெட்டில் பத்தொன்பது என்பது ஒன்றும் அதிசயம் இல்லையாம், எலி பிடிக்கிற ஊரில் இப்படித்தான் இருக்குமாம். மீன் எவ்வளவு போட்டாலும் பூனை எலியை விடுமா? ஆக நம் ஆட்கள் சாக்கில் கட்டி அக்கரையில் விட்டது, வந்து போய் ஓய்ந்த கிழட்டுப் பூனைகளை. வீட்டில் வைத்துக்கொண்டது இனிமேல் எலி பிடிக்கப்போகிற குட்டிகளை. இப்போது குப்பத்தில் எலி வலையைக் கடிக்கிறது என்று சிங்காரம் என்னிடமே வந்து புலம்புகிறான். ஏழெட்டுப் பூனை தானாகவே திரும்பி வந்துவிட்டது. எப்படி வந்தன என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

பெண்களுக்கும் அதே மாதிரிதான். முன்பே எப்போதோ வந்து போயிருந்தால், பிறகு உண்டாகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பயம் இல்லை. இதை நன்றாகப் படி இஸ்மாயில். ரோஷன் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறி உண்மையாகவே இருந்திருந்தாலும், அவளை அனுப்பிவைக்க அது ஒரு காரணம் இல்லை. நோயாளியை வீட்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நான் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன், எனக்கே அது தெரிந்திருக்கிறது. இப்போது இல்லை என்று வந்திருப்பதால்தான் அவள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். பச்சைக் கறியைத் தொடக் கூடாது, மண்ணில் கை வைத்தால் கழுவ வேண்டும்.

கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறாய். இந்த நோய் இல்லையென்றால் முதல் இரண்டும் ஏன் போயின என்று. எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அந்த வரியைப் படித்த பிறகுதான் உன்மேல் இருந்த கோபம் எனக்கு இறங்கியது. பட்டியல் வந்தபோது உனக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்திருக்கும். தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்து ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, இதோ இதனால்தான் என்று ஒரு காகிதம் வருகிறது. பிடித்துக்கொண்டாய். இப்போது நான் வந்து அதைப் பிடுங்குகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவளும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் உன் துணை இல்லாமல்.

உன் அம்மாவுக்குச் சோதனை முடிவை நானே போய்ச் சொன்னேன். நோன்பு நேரம், நல்ல வெயில். அன்றைக்கே பஸ் ஏறி அனுப்பம்பட்டுக்குப் போய் ரோஷன் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன், வா போகலாம் என்றார். என்னையும் கூட்டிப்போயிருந்தார், அதனால் காதால் கேட்டதை எழுதுகிறேன். ரோஷன் மாமியாருக்கு விசிறிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “நீங்க அனுப்புனீங்க, நீங்க கூப்ட்டீங்க, சரியாப் போச்சு. அவரும்தானே அனுப்புனாரு. அவர் கூப்டட்டும், வரேன்.”

திரும்பும் வழியில் பொன்னேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் அம்மா, அவ சொல்றது நாயம்தானே சின்னப்பா என்றார். நாயம்தான் என்றேன்.

சீல் போட்ட காகிதம் வந்துவிட்டது. இனி உனக்கு என்ன வேண்டும்?

சின்னப்பன்


பழவேற்காடு,
14-9-1984

அன்புள்ள இஸ்மாயிலுக்கு,

பிள்ளை பிறந்த செய்தி தந்தியில் உனக்குக் கிடைத்துவிட்டது. விவரத்தை நான் எழுதுகிறேன். ஆகஸ்டு இருபத்தேழு, திங்கட்கிழமை காலை, பொன்னேரி ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. கண், காது, கை, கால் எல்லாவற்றையும் லேடி டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். உன் அம்மா அவரை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார், அவரும் சலிக்காமல் பார்த்தார். பதினோரு மணி நேரம் ரோஷன் கஷ்டப்பட்டாள். மூக்கு உன் மூக்கு. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பக்ரீத்துக்கு உன் அம்மா கறியெடுத்துக்கொண்டு அனுப்பம்பட்டுக்கே போய்விட்டார். அவரே குழைய வேகவைத்து ரோஷனுக்கு ஊட்டிவிட்டார். இப்போது வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் இருக்கிறார். அந்த நாளெல்லாம் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஜூலையில் நீ எனக்கு எழுதின கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. எல்லாம் நம்பிவிட்டேன், என் மேல்தான் தப்பு, ஆனால் அவளுக்கு எழுத உட்கார்ந்தால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, பேனா ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு பதினேழு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவன்தான். முதல் நாள் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். இரண்டாம் நாள் கொஞ்சம் கஷ்டம். பதினெட்டாம் நாள் ஷுக்கூர் வந்து இழுக்காமல் இருந்திருந்தால் நான் ஆயுசுக்கும் சொல்லியிருக்கமாட்டேன். உனக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. உன்னை இழுக்க அங்கே ஆள் இல்லை.

ஆகஸ்டு கடைசியில் நீ போட்ட கடிதங்கள் வந்தன. உன் அம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிள்ளையைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறாய். அம்மாவுக்கு எழுதினதில், ரோஷனை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் என்று ஒரு வரி வைத்திருக்கிறாய். உன் அம்மா அதை அவளிடம் சொன்னார். பார்த்துக்கிறேன்னு எழுதிடுங்க என்றாள்.

நான் திங்கட்கிழமை போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குழந்தைக்கு ஏழாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். உன்னிடம் கேட்டு வைக்கலாம், தந்தி கொடுத்தால் நாலு நாளில் பதில் வந்துவிடும் என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தார். வேணாம் என்று சொல்லிவிட்டு ரோஷனே வைத்தாள். உம்மு ஹானி. நல்ல பெயர். யாரிடமும் சண்டை போட்டு வைக்கவில்லை. சும்மா வைத்தாள்.

அவர்கள் தெருவுக்குப் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். மார்ச்சில் நான் போனபோது சைக்கிள் மணி கேட்டதும் அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள். ஜூனில் உன் அம்மாவோடு போனபோதும் அப்படித்தான், விசிறி ஒரு நிமிஷம் நின்றது. எனக்கு மனது கஷ்டமாக இருந்தாலும், பரவாயில்லை, இன்னும் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். இந்தத் தடவை தபால்காரர் வாசல்படிக்கே வந்துவிட்டார். ஷுக்கூர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். ரோஷன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, விடியற்காலையில்தான் இவ தூங்குறா அண்ணா, பகல்ல கண்ணே மூடமாட்டேங்கறா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அவள் வாசலைப் பார்க்கவில்லை. கடிதம் யாருக்கு என்றும் கேட்கவில்லை. வாசலைப் பார்த்தவன் நான்தான்.

உன் மேல் அவளுக்குக் கோபம் இருந்தவரை எனக்குப் பயம் இருக்கவில்லை. இப்போது அவளிடம் கோபம் எதுவும் தெரியவில்லை, சிரித்துப் பேசுகிறாள், உன்னைப் பற்றிக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்கிறாள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

எப்படித் தொடங்குவது என்று யோசிக்காதே. தப்பும் தவறுமாக எழுது. அடித்து அடித்து எழுது. அவள் பதில் போட்டால் உன் அதிர்ஷ்டம். போடாவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொன்று எழுது, அதற்கு அடுத்த வாரமும் எழுது. கூப்பிடு. வரமாட்டாள் என்று தெரிந்தாலும் கூப்பிடு.

உம்மு ஹானிக்கு உன் கடவுளும் என் கடவுளும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம். எனக்கு எழுதுகிற நேரத்தில் அவளுக்கு எழுது.

உன்
சின்னப்பன்